பவர்ஹவுஸ் ஒழுங்கையின் கிணறுகள்

இலுப்பைக்கடவை
03.02.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா திரேசம்மா அவர்களுக்கு,

இது நீண்ட கடிதம். ஆகையால் எதை எந்த ஒழுங்கில் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. நான் ஏன் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன்.
2. உங்கள் தெருவான பவர்ஹவுஸ் ஒழுங்கைக்காக நான் தயாரித்த அறிக்கை இப்போது எங்கே நிற்கிறது.
3. அந்த அறிக்கையில் எனக்கு வந்திருக்கும் சந்தேகம்.
4. உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி.

முதலாவது. தொலைபேசியில் நீங்கள் விரைவாகப் பேசுவீர்கள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் மூன்றாவது விடயத்தில் நிற்பீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொங்கலன்று நான் கிணற்றைப் பற்றிக் கேட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று தொலைபேசியை வைத்தீர்கள். அதன் பிறகு என் அழைப்பை நீங்கள் எடுக்கவில்லை. கடிதமென்றால் நீங்கள் விரும்பும்போது வாசிக்கலாம்.

இரண்டாவது. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன். எனக்கு அப்படிச் சொன்னால்தான் தெளிவு வரும். ஒழுங்கை முடிவிலிருக்கும் பழைய பவர்ஹவுஸ் காணியை மின்சாரக் கம்பனி காற்றாலைக்காரருக்குக் கைமாற்றப் போகிறது. கைமாற்ற முன், தன் எண்ணெயால் கெட்ட இடங்களைத் தன் செலவில் துப்புரவாக்க வேண்டும் என்பது விதி. கம்பனியோ பவர்ஹவுஸ் வளவை மட்டும் தோண்டி மூடினால் போதும் என்கிறது. ஆனால் ஒழுங்கையில் ஐந்து கிணறுகளில் பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயின் நஞ்சு இருக்கிறது. கிணறுகளும் கம்பனியின் பொறுப்பே என்று நீங்கள் எல்லோரும் மனுக் கொடுத்தீர்கள். தண்ணீர் ஆய்வுகூடத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்ததால், மகன் கிருஷாந்தனும் மருமகள் டிலோஜினியும் கேட்டபடி நான் அறிக்கை எழுதினேன். வளவில் சிந்திய எண்ணெய் மணலுக்குள் தண்ணீரோடு கடல் பக்கமாக நகர்ந்து கிணறுகளுக்கு வந்தது என்பதே அதன் சாரம். மார்ச் இருபதாம் திகதி மாவட்டச் செயலகத்தின் கச்சேரி மண்டபத்தில் நடக்கும் விசாரணை அதை நம்பித்தான் நிற்கிறது.

மூன்றாவது. பவர்ஹவுஸ் மதிலுக்கு மிக அருகிலுள்ள கிணறு உங்கள் அயலவர் மரியம் அவர்களுடையது. அது சுத்தமாக இருக்கிறது. மாதிரி எடுத்ததில் பிழை என்று நினைத்து மீண்டும் எடுப்பித்தேன். மீண்டும் சுத்தம். நிலத்தடியால் போகும் நஞ்சு ஒரு கிணற்றைத் தாண்டிக் குதித்து அடுத்ததில் இறங்காது. அத்தோடு இந்த நஞ்சு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. மரத்திலும் மண்ணிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். இதை நானே இளையவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன். இருந்தும் என் வரைபடம் அழகாக அமைந்துவிட்டதால் அதை நம்பினேன்.

நான்காவது. அந்த ஐந்து கிணறுகளுக்கும் பொதுவாக இருந்து, மரியம் அவர்களின் கிணற்றுக்கு மட்டும் இல்லாதது என்ன?

பணிவுடன்,
யோகராசா

~

பவர்ஹவுஸ் ஒழுங்கை, மன்னார்
10.02.2025

யோகராசா அண்ணைக்கு, திரேசம்மா எழுதுறது.

நாங்கள் சுகம். டிலோஜினிக்கு ஏழாம் மாசம் நடக்குது, கால் கொஞ்சம் வீக்கம், வேற ஒண்டுமில்லை. உங்கட கடிதத்தை உடைச்சவுடனை நம்பரைக் கண்டிட்டு, சோதனைப் பேப்பர் வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன். நான் எட்டாம் வகுப்போட நிண்டனான். கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், நம்பர் போடமாட்டன்.

மரியத்தின்ர கிணறு சுத்தமெண்டால் அது அவளுக்கு அல்லா குடுத்தது. அவள் தினமும் எங்களுக்கு இரண்டு கான் தண்ணி அனுப்புறாள், முகம் சுழிக்கிறேல்ல. தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி வாற நாளில வரும், வராத நாளில வராது. இந்த வெயிலுக்குள்ள வயித்தில பிள்ளையோட என்ர மகள் வாளி வைச்சு வரிசையில நிக்கிறாள். அந்த வீடும் வளவும் நாங்கள் சீதனமாக் குடுத்தது. உங்கட மகன் வந்து குந்தினது நல்ல தண்ணிக் கிணறு இருக்கெண்டுதானே. இப்ப அந்தக் கிணத்துக்குப் பலகை போட்டு மூடிக் கிடக்குது.

அண்ணை, அறிக்கை எழுதினது நீங்கள். படிச்ச மனுசன் எண்டு நம்பி ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வைச்சுது. இப்ப வந்து சந்தேகம் எண்டால் கொம்பனிக்காரன் வயிறு குலுங்கச் சிரிப்பான். உங்களுக்குப் பயம். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் நீங்கள் கதிரை நுனியில இருந்தனீங்கள், எப்ப விழுவீங்களோ எண்டு நான் தேத்தண்ணியைக் கையில வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தப் பயம்தான் இப்ப சந்தேகமா வருது.

உங்கட கேள்விக்குப் பதில்: எனக்குத் தெரியாது.

திரேசம்மா

~

இலுப்பைக்கடவை
19.02.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீங்கள் பூசைக்குப் போயிருந்தீர்கள். பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள், நீங்கள் வரவில்லை. நான் வந்தது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உங்கள் அனுமதியில்லாமல் ஒரு காரியம் செய்தேன். கிருஷாந்தனைக் கொண்டு உங்கள் வீட்டுக் கிணற்றின் வெளிப்பக்கத்தில் தோண்டுவித்தேன். சீமெந்து வளையத்துக்கு வெளியே, ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டி மரத்தில் இடித்தது. பனங்குற்றி. நிமிர்த்தி நிறுத்திய குற்றிகள் கிணற்றைச் சுற்றி நின்றன. கறுத்து, இத்தனை வருடமாக ஈரத்தில் நின்றும் உக்காமல் இருந்தன. ஒரு துண்டைச் செதுக்கி, எனக்குத் தெரிந்த ஆய்வுகூடத்துக்கு நேரில் கொண்டுபோய் அவசரமாகச் சோதிப்பித்தேன். பவர்ஹவுஸ் வளவு மண்ணில் இருப்பதைவிட அந்தத் துண்டில் நஞ்சு கூடுதல்.

நான் விளங்கிக்கொண்டது இது. யுத்த காலத்தில் சீமெந்து வரத் தடை. மணல் கிணறு இடிந்து விழாமல் இருக்க மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் பனங்குற்றி இறக்கினார்கள். எங்கள் ஊரிலும் இறக்கினோம். யுத்தம் முடிந்து வளையங்கள் வந்தபோது உள்ளே வளையத்தை இறக்கிவிட்டு, குற்றிகளை வெளியே அப்படியே விட்டுவிட்டார்கள். தோண்டி எடுப்பது வீண் வேலை என்று யாரும் நினைப்பார்கள். மரியம் அவர்களின் குடும்பம் அந்தக் காலத்தில் தீவிலேயே இல்லை. முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டுப் புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்த பிறகே சீமெந்து வளையத்தோடு கிணறு வெட்டினார்கள். துரத்தப்பட்டவர்களின் கிணறுதான் சுத்தமாக இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

என் முடிவுகள்:

(அ) நஞ்சு நிலத்தடியால் வரவில்லை. எண்ணெயை யாரோ கொண்டுவந்து குற்றிகளில் பூசியிருக்கிறார்கள்.
(ஆ) ஆகவே என் அறிக்கையின் அடிப்படை தவறு. விசாரணைக்கு முன் அதைத் திருத்தி அனுப்ப வேண்டும்.
(இ) திருத்தினால் மனு தோற்கும். எண்ணெயைக் கம்பனி கொடுத்திருந்தாலும், கொடுத்தவரின் பொறுப்பு கொடுத்ததோடு முடிகிறது. அதற்குப் பிறகு அதை வாங்கிப் பூசியவரே பொறுப்பு. சட்டம் இப்படித்தான் பார்க்கும் என்று அஞ்சுகிறேன்.

எண்ணெயைக் கொண்டுவந்தது யார் என்று கிருஷாந்தன் ஒழுங்கையில் கேட்டான். வயதானவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்களாம். அவர்களில் இரத்தினம் மட்டும், "அதைப் போய் உன்ர மாமியைக் கேள்" என்றாராம்.

கேட்கிறேன்.

யோகராசா

~

பவர்ஹவுஸ் ஒழுங்கை, மன்னார்
25.02.2025

யோகராசா அண்ணைக்கு,

இரத்தினத்துக்கு வாய் கூட. சரி, கேட்டிட்டீங்கள்.

இவர்தான். என்ர மனுசன் சிங்கராசா.

அப்ப இவர் மீன்பிடிச் சங்கத் தலைவர். சீமெந்து இல்லை, தார் இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில விக்குது. பனங்குற்றி இறக்கினால் இரண்டு மாரியில உக்கி, மண் சரிஞ்சு கிணறு கலங்கும். கலங்கின தண்ணி குடிச்சுப் பிள்ளையளுக்கு வயித்தால போய், இந்த ஒழுங்கையில இரண்டு குழந்தையள் செத்தது. பவர்ஹவுஸில பழைய எண்ணெய் கிடக்கெண்டு கேள்விப்பட்டு, இவர்தான் போய் அங்கத்தைப் பெரிய அதிகாரியிட்டக் கேட்டவர். அவங்கள் உடனை ஓம் எண்டிட்டாங்கள். அந்தோனியார் திருநாளுக்கு முதல் கிழமை லொறி வந்தது, பீப்பா பீப்பாவா இறக்கினது. சங்கத்துக்குக் கொம்பனியின்ர அன்பளிப்பு எண்டு கோயில் அறிவித்தலிலயும் வாசிச்சது. சனம் கை தட்டினது.

வீடு வீடா இவர்தான் பீப்பாவை உருட்டிக்கொண்டு போனவர். குற்றியை இறக்க முதல், தும்புக்கட்டையால தானே நிண்டு பூசிவிட்டவர். உடுத்த சாரத்தில, கையில, முழங்கால் வரைக்கும் எண்ணெய். வீட்டை வந்தால் பக்கத்தில இருக்கேலாது, அவ்வளவு மணம். "பத்து வருசத்துக்கு உக்காது பாருங்கோ" எண்டு எல்லாருக்கும் சொன்னவர். முப்பது வருசமாகியும் உக்கேல்ல. அந்த எண்ணெய்தான் எண்டு, கிணத்தில நஞ்செண்டு தாள் வந்த அண்டைக்கே எனக்கு விளங்கினது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

ஈரலில வருத்தம் வந்து அவர் போனவர், உங்களுக்குத் தெரியும். அது இதாலயோ எண்டு நான் கேக்கமாட்டன். நீங்களும் சொல்லாதேங்கோ.

அண்ணை, இந்த ஒழுங்கையில ஆர் வீட்டு வலை முதல் முதல் கடலுக்குப் போறதெண்டாலும் அவற்ர படத்துக்கு ஒரு பூ வைச்சிட்டுத்தான் போவினம். அவர் செத்த அண்டைக்கு ஒரு வள்ளமும் இறங்கேல்ல. நாளைக்குக் கச்சேரியில, பத்திரிகைக்காரனுக்கு முன்னால, சிங்கராசா ஊருக் கிணத்துக்கெல்லாம் நஞ்சு பூசினவன் எண்டு எழுதினால், மனுவும் போய், அவற்ர பேரும் போய், பிறகு எனக்கு இந்த ஒழுங்கையில என்ன மிச்சம்? எங்கட ஒழுங்கைத் துசாந்தினியின்ர பெடியன் நோய் வந்து படுத்திருக்கிறான். அவள் நாளைக்கு என்ர முகத்தைப் பாத்து என்ன கேப்பாள்?

உங்கட அறிக்கை பிழை எண்டாலும் அது நல்ல பிழை. ஒருத்தருக்கும் அதால கேடில்லை. அதை அப்பிடியே விட்டிடுங்கோ. நான் ஆரிட்டயும் கெஞ்சிறவள் இல்லை. இப்ப கெஞ்சிறன்.

திரேசம்மா

~

இலுப்பைக்கடவை
04.03.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சில நாட்கள் ஆகின்றன. பதிலை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதுவும் சரியாக வந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அறிக்கையை அப்படியே விட்டுவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். விட்டுவிட ஆசையும் வந்தது. திருத்தினால் என்னை எல்லோரும் கேள்வி கேட்பார்கள். விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். நான் எப்போதும் கேள்வி வராத பக்கமாக நடந்து பழகியவன். ஆகவே அந்த ஆசையை நான் நம்பவில்லை.

"நல்ல பிழை" என்று எழுதியிருந்தீர்கள். அது வெற்றி பெற்றால் என்ன நடக்கும் என்று படிப்படியாக எண்ணிப் பார்த்தேன். என் அறிக்கையை விசாரணைக் குழு ஏற்றுக்கொள்கிறது. கம்பனி பவர்ஹவுஸ் வளவை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. வளவுக்கும் உங்கள் கிணறுகளுக்கும் இடையில் நிலத்தடியில் ஒரு சுவர் கட்டுகிறது. கிணறுகளை இறைத்துக் கழுவுகிறது. இறைத்த உடனே எடுத்த தண்ணீரில் நஞ்சு குறைவாகத்தான் தெரியும். துப்புரவாகிவிட்டது என்று சான்றிதழ் வருகிறது. காணி கைமாறுகிறது. கம்பனி போய்விடுகிறது. குற்றிகள் அங்கேயே நிற்கின்றன. அடுத்த மாரிக்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் டிலோஜினி பிள்ளையை முழுகவார்ப்பாள்.

பொய்யான காரணத்தைச் சொன்னால் பிழையான இடத்தைத்தான் துப்புரவாக்குவார்கள். உண்மையைச் சொன்னாலோ எந்த இடத்தையும் துப்புரவாக்கமாட்டார்கள் என்பது என் பயம். இரண்டில் எது குறைந்த கேடு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குற்றிகளை நாங்களே தோண்டி எடுக்கலாம் என்று கிருஷாந்தன் சொல்கிறான். எடுத்து எங்கே போடுவது? எரித்தால் புகையில் நஞ்சு போகும். கடலில் போட்டால் மீனில் ஏறும். அதை அழிக்கும் வசதி இந்த மாவட்டத்தில் யாரிடமும் இல்லை. கம்பனியால்தான் முடியும்.

ஆகவே திருத்தத்தை எழுதிவிட்டேன். அதில் சிங்கராசா அவர்களின் பெயர் இல்லை. "எண்ணெயை ஊரவர் பெற்றுக்கொண்டனர், ஊரவர் பூசினர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும் பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்வேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆனால் இந்த ஒன்றைச் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

உறையில் இட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

யோகராசா

~

பவர்ஹவுஸ் ஒழுங்கை, மன்னார்
11.03.2025

அண்ணை,

உங்கட கடிதத்தைக் கொண்டுபோய் மரியத்துக்கு வாசிச்சுக் காட்டினன். வேற ஆருக்குக் காட்டுறது. டிலோஜினிக்குக் காட்டேலாது, அவள் தகப்பன்ர பிள்ளை.

அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். கத்தியை நிப்பாட்டாமலே கேட்டுக்கொண்டிருந்திட்டு, "இதில சிங்கராசா அண்ணையின்ர பேர் ஏன் இல்லை?" எண்டு கேட்டாள்.

"அவரைக் காப்பாத்தத்தான்" எண்டன்.

"களவெடுத்தவன்ர பேரைத்தான் மறைக்கிறது. அண்ணை களவே எடுத்தவர்?"

அவள் மீன்தலையை ஒரு பக்கம், செதிலை ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டு, பிறகும் கேட்டாள். "அவையளிட்டக் கேட்டு வாங்கினது, கோயிலில வாசிச்சது, பட்டப்பகலில பூசினது. அதை நீங்கள் ஏன் ராத்தா இருட்டில வைச்சிருக்கிறீங்கள்?"

அவள் என்னை அக்கா முறையில ராத்தா எண்டுதான் கூப்பிடுறவள்.

வீட்டை வந்து யோசிச்சன். தாள் வந்த நாள் தொடக்கம் நான்தான் வாயை மூடிக்கொண்டு திரிஞ்சனான். நான் மறைக்க மறைக்க அவர் கள்ளன் மாதிரி ஆகிக்கொண்டு வாறார். இரத்தினம் நிலத்தைப் பாக்கிறதும் அதாலதான். அந்த மனுசன் உயிரோட இருந்திருந்தால், தாள் வந்த அண்டைக்கே சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, வீடு வீடாப் போய் "நான்தான் பூசினனான், வாங்கோ தோண்டுவம்" எண்டிருப்பார். நான் அவரைப் போல இல்லை.

பேரில்லாமல் அனுப்பாதேங்கோ. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, கச்சேரியில நிண்டு திக்குவீங்கள், எல்லாம் கெட்டிடும். அவற்ர பேரை நான் சொல்லுறன். என்னைச் சாட்சியாப் போடச் சொல்லி எழுதுங்கோ. மனு தோத்தால் தோக்கட்டும். தோத்த பிறகு எங்கட கிணத்துக் குற்றியைக் கொண்டுபோய்க் கொம்பனி வாசலில போடுவன், அவங்கள் பாத்துக்கொள்ளட்டும்.

அண்டைக்கு எனக்குப் பக்கத்தில இருங்கோ. கதிரையில நல்லாச் சாஞ்சு இருங்கோ.

திரேசம்மா

~

இலுப்பைக்கடவை
23.03.2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் விசாரணையிலிருந்து நேரே மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டதாகவும், தொலைபேசியை வீட்டிலேயே விட்டுப் போனதாகவும் கிருஷாந்தன் சொன்னான். இதை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் எழுந்து போன பிறகு நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். இம்முறை இலக்கமிடவில்லை.

நீங்கள் பேசும்போது நான் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கு என்னவாகும் என்று தெரியவில்லை. விசாரணைத் தலைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கராசா அவர்களின் பெயரை நீங்கள் சொன்னபோது அவர் எழுதினார். லொறியில் இருந்து பீப்பாவை எப்படி இறக்கினார்கள் என்று அவர் உங்களிடம் கேட்டதும், நீங்கள் சொன்ன பதிலும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "லொறியில வந்தவங்கள் முழங்கை வரைக்கும் றப்பர் கையுறை போட்டிருந்தவங்கள், அம்மா. எங்கட ஆக்கள் வெறுங்கையோட வாங்கினவை. இவர் ஏன் கையுறை எண்டு கேட்டதுக்கு, உடுப்பில ஊத்தை படாமல் எண்டு சொன்னவங்கள்." இதை நீங்கள் எனக்கு எழுதவேயில்லை. உங்களுக்கு அது ஒரு சின்ன விடயமாகப் பட்டிருக்கலாம். தலைவி பேனாவை வைத்துவிட்டு, அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நீங்கள் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

கம்பனிச் சட்டத்தரணி அதன் பிறகு எழுந்தார். நல்ல தமிழ் பேசுபவர், மரியாதையானவர். உங்கள் கணவரைப் பற்றி ஒரு தவறான சொல்லும் சொல்லவில்லை. ஏழை மக்கள் கேட்டார்கள், கம்பனி அன்பளிப்பாகக் கொடுத்தது, கொடுத்ததோடு கம்பனியின் பொறுப்பு முடிந்தது, பிறகு அதை எங்கே பூசுவது என்பது வாங்கியவரின் முடிவு என்றார். அந்தக் காலத்தில் இந்த விதிகளே இல்லை என்றும் சொன்னார்.

தலைவி தான் எழுதியதை மீண்டும் ஒரு தரம் வாசித்தார். பிறகு சொன்னார்: "உங்கள் ஆட்கள் கையுறை போட்டு வந்திருக்கிறார்கள். தொடக்கூடாது என்று தெரிந்ததைத் தெரியாதவரிடம் கொடுப்பது அன்பளிப்பு அல்ல. கழிவை அகற்றியதும் அல்ல. அது இடம் மாறியிருக்கிறது, பொறுப்பு மாறவில்லை."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கம்பனி மேன்முறையீடு செய்யும் என்று சட்டத்தரணி அங்கேயே சொன்னார், அது வருடக்கணக்கில் இழுபடலாம். உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. ஆனால் இடைக்காலக் கட்டளை ஒன்று தந்திருக்கிறார்கள். ஐந்து கிணறுகளின் குற்றிகளையும் சுற்றியுள்ள மண்ணையும் கம்பனியே எடுத்து அழிக்க வேண்டும். அந்த எண்ணெய் பூசிய வேறு கம்பங்களும் பழைய வள்ளங்களும் இருந்தால் அவற்றையும் எடுக்க வேண்டும். அதுவரை நாள்தோறும் தண்ணீர் தர வேண்டும். அது முடியும் வரை காணி கைமாற முடியாது. சிங்கராசா அவர்களின் பழைய வள்ளத்தையும் கொண்டுபோவார்கள். டிலோஜினியிடம் சொன்னேன். அழுதாள், ஆனால் சம்மதித்தாள்.

வெளியே ஒழுங்கைச் சனம் நின்றது. நீங்கள் அஞ்சியது முழுவதும் வீண் என்று எழுத முடியவில்லை. துசாந்தினி ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைக் கடந்து போனாள். டிலோஜினியின் பக்கமும் திரும்பவில்லை. அவளுக்கு நேரம் வேண்டும், அல்லது எந்த நேரமும் போதாமல் இருக்கலாம். இரத்தினம் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கட கிணத்துக்குச் சிங்கராசா பூசேக்க வாளி பிடிச்சவன் நான். கேக்கிறதெண்டால் என்னையும் சேத்துக் கேளுங்கோ" என்றார். பிறகு எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதற்கே இந்தக் கடிதம். சட்டத்தரணி பேசியபோது அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டதாக எனக்குப் பட்டது. ஊர் திரும்பிப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் புரிந்தது: அது நான் எழுதியது. "கொடுத்தவரின் பொறுப்பு கொடுத்ததோடு முடிகிறது." பெப்ரவரிக் கடிதத்தில், (இ) என்று குறியிட்டு, உங்களுக்கு எழுதினேன். கம்பனி வாய் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அதன் வழக்கை நான் பேசி முடித்திருக்கிறேன். அதையும் பூசியவருக்கு எதிராக, அவருடைய மனைவியிடம் பேசியிருக்கிறேன். அந்தக் குறிப்பு பிழை.

யோகராசா